அம்புரோஸ் வண்டி கத்துது

அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து காரின் முன் கண்ணாடிக்கு நேராக நின்றாள் ஐரீன். கார் கத்திக்கொண்டிருந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, காதைக் குடைந்தது.

“இப்ப நீ நிறுத்துறியா, நான் நிறுத்தட்டா?”

“கண்ணாடி மேல கை வச்சுப் பாரு. அப்பால தெரியும் அம்புரோஸு யாருன்னு.” அம்புரோஸ் வண்டிக் கதவோடு ஒட்டி நின்றான். வாடகைக்கு ஓட்டுகிற வண்டி. அது ஓடினால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும்.

“தெரியாம இன்னா? தெருவையே தூங்க வுடாத சாவுகிராக்கின்னு எல்லாத்துக்கும் தெரியும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் பாயை விரித்தவர்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி போனால் தெருவே ஆடும். ஆடினால் வண்டி கத்தும். உப்புக்காற்று உள்ளே இறங்கி, திருடனுக்காக மாட்டிய சைரன் கெட்டுப்போனதில், இப்போது லாரி போகாவிட்டாலும் கத்தியது.

கத்தட்டும் என்று விட்டுவிடுகிற தெருவும் இல்லை அது. தெருக்கோடி மதிலுக்கு அந்தப் பக்கம் கெமிக்கல் கம்பெனி. கேஸ் கசிந்தால் சங்கு ஊதுவோம், ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுங்கள் என்று வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்புரோஸ் வண்டி முதல்தடவை கத்தியபோது, சங்குதான் என்று அத்தனை பேரும் ஈரத்துண்டோடு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில்தான் ஐரீனின் மாமியார் வியாகுலம்மாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்னும் படுக்கையில் கிடக்கிறாள்.

இப்போதெல்லாம் சத்தம் கேட்டால் யாரும் ஓடுவதில்லை. நேராக அம்புரோஸ் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள், திட்டுவதற்கு.

ரோட்டோரம் வண்டி ஒயரிங் வேலை பார்க்கிற கமாலுதீனை அம்புரோஸ் கையோடு இழுத்து வந்திருந்தான். பானெட்டைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்திருந்த கமாலுதீன், பேட்டரி ஒயரைக் கழற்றினான். கத்தல் நிற்கவில்லை.

“இன்னா பாய், பேட்டரிய புடுங்கியும் கத்துது? பேய் கீய் பூந்துகிச்சா?” பக்கத்து வீட்டு நோயல் கேட்டான்.

“சைரனுக்குள்ளயே தனியா ஒரு குட்டி பேட்டரி கீது நைனா. திருடன் ஒயர அறுத்தாலும் கத்தணும்னு வச்சிக்கிறான். அத்த நிறுத்த ஒரு சாவி இருக்கணுமே?”

எல்லோரும் அம்புரோஸைப் பார்த்தார்கள்.

“அது எங்கியோ தொலஞ்சு பூட்ச்சு.”

“சாவிய வச்சிக்கத் துப்பில்லாதவனுக்கு சைரன் ஒரு கேடு!” என்றாள் ஐரீன்.

“பேசுவ. டேப் செட்ட ஒடச்சுத் தூக்கினு போனானுங்களே, அன்னிக்கு இந்தத் தெருவுல ஒரு நாயாவது எந்திரிச்சு வந்துச்சா? சைரன் போடாம வேற இன்னா பண்றது?”

“திருடுனவனப் போய் கேளு! என் மாமியா உனுக்கு இன்னா பண்ணுச்சு? ஒண்ணுக்குப் போவணும்னாலும் நான் தூக்கினு போறேன்டா.”

அம்புரோஸ் கோபத்தைக் கமாலுதீன் பக்கம் திருப்பினான். “பாய், சீக்கிரம் கழட்டித் தொலையேன். புதுசு ஒண்ணு போட்டுக்கலாம்.”

“புதுசா?” ஐரீன் குழவியைத் தோளுக்கு உயர்த்தினாள். “போட்டுப் பாரேன்.”

நட்டுகள் துருப்பிடித்திருந்தன. கமாலுதீன் கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்தபடி ஸ்பானரால் தட்டித் தட்டித் திருகினான். சைரனை வெளியே இழுத்து, மூடியை நெம்பி, உள்ளே இருந்த ஒயரைக் கட்டிங் பிளேயரால் கடித்தான்.

நின்றது. காதில் மட்டும் ஒரு ரீங்காரம்.

“நின்னுட்ச்சு இல்ல? கல்ல கீழ போடு,” என்றான் அம்புரோஸ்.

“போட மாட்டேன். எத்தினி தபா நின்னு எத்தினி தபா திரும்பக் கத்திக்கீது? மாதா மேல ஆணையா சொல்றேன், இன்னொரு தபா கத்துச்சு, உன் கண்ணாடி இருக்காது.”

“இனிமே கத்தாது. கத்துனா நீயே ஒட.”

அவன் சொல்லி முடிக்கவில்லை, மறுபடி கிளம்பியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முன்னைவிட அதிகமாக.

“டபாய்க்கிறியாடா கஸ்மாலம்!”

குழவி பறந்தது. முன் கண்ணாடி நொறுங்கி உள்ளே சரிந்தது. நோயல் விசிலடித்தான், தெரு கைதட்டியது. ஐயோ என் வண்டி என்று அம்புரோஸ் ஐரீன் மேல் பாய, நாலு பேர் அவனைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார்கள்.

“இன்னும் கத்துது பாரு! வுடாதீங்கடா, லைட்டையும் ஒடைங்க!” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

ஆளுக்கொரு கல்லைத் தேடிக் குனிந்தார்கள்.

கமாலுதீன் பானெட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். ஒரு கையில் இரண்டாகப் பிளந்த சைரன், மற்றதில் அதன் பேட்டரி. முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா... கத்துறது இது இல்ல.”