திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள்

ஆறு வாரக் குழந்தையின் தொடையிடுக்கில் குடல் இறங்கி, எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி நிற்கிறது. உள்ளே தள்ள முடியாவிட்டால் இப்போதே கத்தி வைக்க வேண்டியதுதான். அழ அழக் குடல் இறுகும். பால் வாசனை பட்டால் இன்னும் வீறிடுவான் என்று அம்மாவைத் திரைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார் டாக்டர். திரைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிகின்றன. கால்விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் டாக்டரின் இரண்டு விரல்கள் அவசரமில்லாமல் வீக்கத்தை அணைத்து அழுத்துகின்றன. நர்ஸ் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சப்பக் கொடுக்கிறாள். விரலடியில் களுக்கென்று ஒரு சத்தம். வீக்கம் வடிகிறது. குழந்தை அடங்கிக் கண்ணை மூடுகிறது. பாதங்கள் ஓரடி முன்னே வருகின்றன. "டாக்டர், சத்தத்தையே காணோமே?" "உள்ள போயிருச்சும்மா. தூங்குறான்." கால்விரல்கள் தரையை விடவில்லை. "ஒரே ஒரு தடவை அழ வைங்க டாக்டர். கேட்டுக்கிறேன்."