வாசலில் வைத்த பை

பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு மறுநாள் பருப்பு வேகவைப்பது கிரேக்கத் துறைமுக ஊரான எங்கள் பெராமாவில் யாரும் கேள்விப்படாதது. ஆனால் கப்பல் பட்டறை மூடியதிலிருந்து எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி கிடையாது.

வீட்டுக்காரர் மனோலிஸ் கண்ணாடி முன்னால் நின்று 'கிரேக்கம் கிரேக்கருக்கே' என்கிற கட்சி கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்தார்.

"எப்படி இருக்கு லெமோனியா?"

"தோள்ல இறுக்குது."

"வேலையில்லாம தின்னு தின்னு சதை போட்டுட்டேன்கிறியா?"

"சதை போட இங்க என்ன இருக்கு?" மெதுவாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சாயங்காலம் கட்சியில பேர் கொடுக்கறேன். முதல் வேலையே கீழ்வீட்டு எகிப்துக்காரனைக் கிளப்பறதுதான். எங்கிருந்தோ வந்து நம்ம கடல்ல மீன் பிடிக்கறான் அந்த ஷாபான்."

"கைக்குழந்தை இருக்குங்க அவங்களுக்கு."

"நம்ம ஸ்மாரோ குழந்தை இல்லையா? குளிர்காலம் முழுக்க அவளுக்குச் சோறு போட்டது யாரு? வாராவாரம் வாசல்ல பை வெச்சது யாரு? கட்சி! சதுக்கத்துல கிரேக்கருக்கு மட்டும் கட்சி தர்ற அரிசி பருப்புக்கு அடையாள அட்டையைக் காட்டி வரிசையில நிக்க நான் வெட்கப்படறேன்னு தெரிஞ்சு, பேர்கூடச் சொல்லாம வெச்சுட்டுப் போறாங்க. கிரேக்கனுக்குக் கிரேக்கன்தான்டி!"

நான் பருப்பைப் பார்த்தேன். நேற்று மாடிப்படியில் ஷாபான் பெண்டாட்டி நக்லாவைப் பார்த்ததைச் சொல்லவில்லை. விரலெல்லாம் பச்சைச் சாயம். என்னவென்று கேட்க எனக்குக் கூச்சம். அவளே, "நாளைக்கு எங்க வசந்தப் பண்டிகை, அக்கா" என்று கையை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டாள்.

வாசலில் சரசரப்பு.

"பாரு! சனிக்கிழமை வரலைன்னு பார்த்தேன். பண்டிகையா பார்த்துக் கொண்டுவந்துட்டாங்க."

கதவைத் திறந்தார். ஆளில்லை. பை மட்டும். அரிசி, எண்ணெய், காகிதத்தில் சுற்றிய என்னவோ.

"முட்டைகூட வெச்சிருக்காங்க!"

பிரித்தவர் கை அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமையே முட்டைக்குச் சாயம் போட்டுவிடுவோம். சிவப்பு மட்டும்தான். வேறு நிறம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது.

இவை பச்சை.

"லெமோனியா… கட்சிக்காரன் எவனாவது பச்சை முட்டை வெப்பானா?"

"நேத்து நக்லா விரல் பச்சையா இருந்துச்சு" என்றேன்.

கீழே ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

முட்டையைப் பையிலேயே திரும்ப வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றப் போனார். தோளில் சிக்கிக்கொண்டது.

"இழுடி. இதைக் கழட்டறதுக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கு."

இழுத்தேன். தையல் விட்டது. விடட்டும்.

பழைய பட்டறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு சிவப்பு முட்டையை எடுத்துக்கொண்டு, ஸ்மாரோவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் எங்கள் ஈஸ்டர் விளையாட்டு, எவர் முட்டை உடையவில்லையோ அவருக்கு ஜெயம்: முட்டையோடு முட்டை மோதும் சத்தம். ஷாபானின் சிரிப்பு. ஸ்மாரோவின் கைதட்டல்.

"லெமோனியா! பச்சை ஜெயிச்சிடுச்சு! இன்னொரு சிவப்பு எடுத்துட்டு சீக்கிரம் வா!"

"இதோ வந்துட்டேன்!" பானையில் இன்னும் ரெண்டு பேருக்குப் பருப்பு அள்ளிப் போட்டுவிட்டு நானும் சிவப்பு முட்டையோடு படியிறங்கினேன்.