நட்சத்திரத்தின் நடுவில்

மஞ்சள் நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு எழுத்தில் ‘ஓம்’ இருந்தது. தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஓம் அப்படியேதான் இருந்தது.

ஹிட்லர் காலத்து யூதர்களைப் பற்றி அவர் எழுதிய நாவலின் அட்டை அது. ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் வெளியீட்டு விழா. இந்த அட்டையோடு மேடை ஏறினால் இத்தனை வருஷ உழைப்பும் ஊர் சிரிக்கும் கூத்தாகிவிடும்.

“ஆறு முனை நட்சத்திரம்னாலே சிவகாசியில முருகன் காலண்டர்தான் சார். அட்டை போடுற பிள்ளை கைப்பழக்கத்துல ஓமைப் போட்டுட்டா. கோவிச்சுக்கிடாதீக,” என்றார் அச்சக முதலாளி ராஜபாண்டியன்.

தனுஷ்கோடி உதட்டைச் சுழித்தார். “யூதனுக்கு நாஜிக்காரன் குத்துன முத்திரைய்யா அது. விட்டா அவனுக்குக் காவடியும் தூக்கிவிட்ருவீக போல.”

யார் அந்த மேதாவி என்று கேட்டார். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பாண்டிலட்சுமி என்றார் முதலாளி. எந்த ஊர் என்றதற்குத் தாயில்பட்டி என்றார். தாயில்பட்டியில் எங்கன என்று கேட்டதற்கு, வேனில் வந்து இறங்குகிற பிள்ளை, அம்புட்டு விவரம் தெரியாது என்று கையை விரித்தார்.

தனுஷ்கோடிக்கு எரிச்சலாக வந்தது. வெடிக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் ஒட்டியே பிழைத்த கூட்டம் இது. மனுசன் மேல் லேபிள் ஒட்டிக் கொன்ற கதை இதுகளுக்கு எங்கே விளங்கப்போகிறது?

பாண்டிலட்சுமி வந்து நின்றாள். தப்புதான் சார் என்றாள். டைப் செய்யும்போதே நாவல் முழுக்கப் படித்ததாகவும், மகள் சட்டையில் அம்மாவே அந்த நட்சத்திரத்தைத் தைத்துவிடும் இடத்தில் கை ஓடாமல் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள்.

தனுஷ்கோடி குளிர்ந்து போனார். ஒருவன் எந்த வயிற்றில் பிறந்தான் என்று பார்த்து அவனை எடைபோடுவதைப் போலக் கேவலம் உலகத்தில் இல்லை என்று, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளுக்கு விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓமை நீக்கிப் புது அட்டையைக் காட்டினாள். வெறும் நட்சத்திரத்தை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். அச்சுக்கு அனுப்பச் சொன்னார்.

அவளுக்கும் சந்தோஷம். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயை அவருக்கு ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

தனுஷ்கோடி டம்ளரை உதடு வரை கொண்டுபோனார். குடிக்கவில்லை. அவள் கதவைச் சாத்தும் வரை பொறுத்திருந்து, ராஜபாண்டியன் பக்கம் சாய்ந்தார்.

“அந்தப் பிள்ளை என்ன ஆளுக?”