மலையிலிருந்து முதல் செய்தி

திரையின் மூலையில் பச்சைப் புள்ளி மின்னியதும் ஹப்சா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

வெள்ளிமலையில் இருக்கும் சின்ன கிளினிக்கின் கணினி, ஹப்சா பார்த்துக்கொள்ளும் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக் கணினியோடு முதல்முறையாகப் பேசுகிறது. ஒத்திகை இல்லை. நிஜ நோயாளி.

இந்த இரண்டையும் பேச வைப்பதற்குள் ஹப்சாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ரத்த வகைக்கு எண்தான் போட வேண்டும்; ஏழு என்று போட்டால் மலைக் கணினிக்கு அது ஓ நெகட்டிவ். இங்கே அதே ஏழு ஏபி பாசிட்டிவ். தூரம் என்ற கட்டத்தில் மலைக்காரர்கள் மணிக்கணக்கைத்தான் போடுவார்கள். அந்த வளைவுகளில் கிலோமீட்டரை வைத்து என்ன செய்வது? இங்குள்ள கணினியோ அதைக் கிலோமீட்டராக எடுத்துக்கொண்டு, இதோ வந்துவிட்டார்கள் என்று ஆட்களை வாசலுக்கு விரட்டும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பக்கமும் ஒரே பொருளை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் போனில் மல்லுக்கட்டியது, மலைக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் கண்ணகியோடு. நேரில் பார்த்ததில்லை. வேலையைத் தவிர வேறெதையும் பேசியதும் இல்லை. நோயாளியின் பெயரை இணையத்தில் அனுப்ப வேண்டாம், ஆள் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்ற ஒன்றில்தான் இருவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போனார்கள்.

செய்தி விரிந்தது.

பெண். நிறைமாதம். ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ். ஜீப் கிளம்புகிறது, வந்து சேர இரண்டு மணி நேரம்.

டாக்டர் காசிநாதன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"நம்மகிட்ட ஓ நெகட்டிவ் இல்லம்மா. இத நம்பி வெளிய இருந்து வரவழைக்கலாமா? அது கெடைக்கறதே அபூர்வம், தப்பாப் போனா வீணாப் போயிரும்."

நம்பலாம் என்றாள் ஹப்சா.

பக்கத்து ஊர் ரத்த வங்கியிலிருந்து பைகளோடு ஆள் கிளம்பிவிட்டார். ஹப்சாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை சண்டை, எத்தனை மாதம். இதோ, அது வேலை செய்கிறது!

இந்தச் சந்தோஷம் முழுசாகப் புரிய இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கண்ணகிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். சண்டை என்றால் முதல் மணியிலேயே எடுப்பவள், ஜெயித்த அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தாள்? கோபம் கோபமாக வந்தது.

ரத்தம் வந்து சேர்ந்தது. சொன்ன நேரத்துக்கு ஜீப்பும் வாசலில் வந்து நின்றது.

ஸ்ட்ரெச்சரில் இறக்கப்பட்ட பெண்ணின் முகம் வெளுத்துக் கிடந்தது. ஓட்டமும் நடையுமாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஓ நெகட்டிவ்தான். ஹப்சா துள்ளிக் குதிக்காத குறை.

அந்தப் பெண் மெல்லக் கண்ணைத் திறந்து சுற்றிலும் தேடினாள்.

"இங்க ஹப்சா யாருங்க? ஜீப்பு ஏறுறதுக்கு முன்ன நானேதான் டைப் பண்ணி அனுப்பிட்டு வந்தேன். எல்லாம் ஒழுங்கா வந்துச்சா?"

இத்தனை மாதமாகக் காதுக்குள் மல்லுக்கட்டிய குரல்.

ஹப்சா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துச்சுங்க. எல்லாமே வந்துச்சு."