டி.வி. ஓடாத சனிக்கிழமை

"டி.வி. ரிப்பேர். எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று லம்பெர்தோ கடைக் கதவைச் சாத்தினார்.

வாசலில் இருபது பிள்ளைகள். சனிக்கிழமை நாலு மணியானால் அந்தத் தெருப் பிள்ளைகள் மொத்தமும் அவர் கடையில்தான். விடுதலைப் போரைப் பொம்மைப் படமாகப் போடுகிறார்களே, அந்த நேரத்தில் திமோர் முழுக்கத் தெருவில் ஒரு வாண்டைப் பார்க்க முடியாது. அதிலும் இன்றைக்கு அவர்கள் ஊர்க் கதை. 'அடுத்த வாரம்: மலையடிக் கிணறு' என்று போன வாரமே காட்டிவிட்டார்கள்.

எர்மெலிந்தா டீச்சர் விடுவாளா? பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னவளே அவள்தான். ஏழு வயது மகள் அனினைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ன மாமா, காலையில ஃபுட்பால் பார்த்தப்ப நல்லாத்தானே ஓடிச்சு?"

"அப்ப ஓடிச்சு. இப்ப ஓடல."

"உள்ளே சிவப்பு லைட் எரியுதே?"

லம்பெர்தோ மூன்று விரல் கையால் பூட்டைத் தேடினார். மற்ற இரண்டும் மர அறுவை மில்லில் போய்விட்டதாகச் சொல்லுவார்.

எர்மெலிந்தாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கிணற்றடியில் எவனோ வாயைத் திறந்ததால்தான் மலையில் ஒளிந்திருந்தவர்கள் பிடிபட்டார்கள். ஊருக்கே தெரிந்த கதை. எவன் என்பதுதான் தெரியாது. பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு எடுத்த படம் இது, இன்றைக்கு அது வெளியே வந்துவிடும்.

போரில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ரகசியப் பெயர்தான். அவள் அப்பாவின் ரகசியப் பெயர் அனின். காற்று என்று அர்த்தம். அவர் கல்லறைச் சிலுவையில் எழுதியிருப்பதும் அதுதான், மகளுக்கு அவள் வைத்ததும் அதுதான்.

"ஏன் மாமா மறைக்கறீங்க? அந்த ஆளு நீங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

லம்பெர்தோ அவளைப் பார்த்தார். குழந்தை அனினைப் பார்த்தார்.

"ஆமா. நான்தான். போதுமா? தெரிஞ்சிடுச்சுல்ல, இனிமே படம் எதுக்கு? புள்ளைங்களைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போம்மா."

அப்பா இல்லாத எர்மெலிந்தாவைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷன். 'உங்கப்பா கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலம்மா' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். அந்த வாயா?

பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "காட்டிக்கொடுத்தவனைப் பார்த்தா என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன்?"

"துப்பணும் டீச்சர்!"

சொன்னார்களே ஒழிய ஒரு பிள்ளையும் துப்பவில்லை. எல்லாம் அவரிடம் ஓசி மிட்டாய் வாங்கித் தின்ற வாய்கள். அவள்தான் துப்பினாள். எச்சில் அவர் சட்டை மார்பில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"வாங்கடா, சர்ச் ஹால்ல டி.வி. இருக்கு!"

"எர்மெலிந்தா, வேண்டாம்மா..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் நிற்கவில்லை.

ஹாலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிப் படம் முடிந்திருந்தது. திரையில் கிணறு. சிப்பாய்களுக்கு நடுவே கை கட்டப்பட்ட ஒருத்தன். அடி தாங்கி நிற்கிறான், வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சுவரில் ஒரு நிழல். கிணற்றுக்கு மேலே எவனோ ஒரு கைக்குழந்தையைக் காலைப் பிடித்துத் தொங்கவிடுகிறான்.

கட்டப்பட்டவன் கத்தினான். மலையைக் கைகாட்டினான்.

"தூ!" முதலில் துப்பியது அனின்தான். அடுத்து இருபது வாயும் சேர்ந்து துப்பின. "சபாஷ்!" என்றாள் டீச்சர்.

அடுத்த காட்சியில், மலையில் பிடிபட்ட அவன் நண்பனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கையில் ரத்தம் தோய்ந்த துணிக் கட்டு. கட்டுக்கு வெளியே மூன்றே விரல். காட்டிக்கொடுத்தவன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் கிடக்கிறான். கடந்து போகும்போது நண்பன் ஒரு நிமிடம் நின்றான்.

"உன்மேல எனக்குக் கோபமில்ல, அனின். பாப்பாவைப் பார்த்துக்கோ."

ஹாலில் இருபது தலைகளும் டீச்சர் பக்கம் திரும்பின.

"அம்மா! என் பேரும்மா! நம்ம தாத்தா பேரு!" என்றாள் குழந்தை. அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "அந்தக் கை லம்பெர்தோ தாத்தா கை மாதிரியே இருக்கு. அப்ப அந்தப் பாப்பா யாரும்மா?"

எர்மெலிந்தா மகளைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

லம்பெர்தோ தடுமாறி எழுந்து நின்றார். சட்டையில் எச்சில் காயத் தொடங்கியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஜாடியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, குழந்தையின் முன்னால் குனிந்தார்.

"படம் எடுத்தவங்க பேரை மாத்திப் போட்டுட்டாங்க கண்ணு. உங்க தாத்தா வாயைத் திறக்கவே இல்ல. காட்டிக்கொடுத்தது நான்தான். அதுக்குத்தானே அம்மா என்மேல துப்பினா, நீகூடப் பார்த்தியே?"