கழுவாத கப்

கழுவாத கப்பின் கதையை மேனேஜர் பதினெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தார். அதே பதினெட்டு வருஷமாக அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

கியர் ஆயிலைச் சோதித்துப் பார்க்கிற லேப் அது. கிண்ணம் மாதிரி ஒரு கப். அதில் மூன்று எஃகுக் குண்டுகளை இறுக்கிவைத்து ஆயிலை ஊற்றுவார்கள். நாலாவது குண்டு மேலே உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுற்றும். பிறகு கீழ்க் குண்டுகளில் விழுந்த தேய்மானத் தழும்பை மைக்ரோஸ்கோப்பில் அளப்பார்கள். தழும்பு சின்னதென்றால் ஆயில் பாஸ்.

ஆயிலில் கலக்கும் அடிட்டிவுக்கு லேபில் மருந்து என்று பெயர். சரியாக விட்டால் எஃகின்மேல் மெல்லிய தோலாகப் படிந்து தேயாமல் காக்கும். கூடிப்போனால் மருந்தே எஃகைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

கப்பைக் கழுவுவது சீனியர் டெக்னீஷியனின் பொறுப்பு. அவருக்கு வைத்த பெயர் 'சோப்பு'. குழாயைத் திறப்பதற்கு முன்னால் குழாயையே கழுவ வழி உண்டா என்று யோசிக்கிற மனிதர். யாராவது கை குலுக்கினால், அந்த ஆள் மனம் நோகாதபடி, அவர் மூலை திரும்பும்வரை பொறுத்திருந்து, அப்புறம் கை கழுவுவார்.

அந்தக் கதை நடந்த அன்றைக்கு மேனேஜர் இன்னும் மேனேஜர் ஆகவில்லை. வேலை நிரந்தரமாகாத புது கெமிஸ்ட். சொந்தமாக உருவாக்கிய மருந்துக்கு முதல் சோதனை. கலக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள். ஜன்னலுக்குப் பச்சைத் திரையா, நீலத் திரையா? பத்து நிமிஷம் நீலத்துக்காக வாதாடி, தோற்று, பச்சைக்குச் சம்மதித்துவிட்டு வந்து மருந்தை ஊற்றினார்.

சோதனை முடிந்தது. சட்டைப் பொத்தான் அளவுக்குத் தழும்பு என்றார் டைரக்டர். இதற்கு மருந்தே போடாத வெறும் ஆயில் எவ்வளவோ தேவலை என்றார். கலந்தது யார் என்று கேட்டார். கலவையில் தப்பு என்றால் புது ஆள் அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

சோப்பு வந்து குண்டை மைக்ரோஸ்கோப்பில் ஒரு தரம் பார்த்தார்.

"கப்பை நான் கழுவல சார். பழைய அழுக்கு இருந்திருக்கும். நானே புதுசாக் கலந்து இன்னொரு தடவை ஓட்டறேன்."

இரண்டாவது தடவை தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கெமிஸ்ட் நிரந்தரமானார். சோப்புக்கு ஒரு மெமோ. அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய மேனேஜர் பதவி வரவில்லை. சில வருஷம் கழித்து அது கெமிஸ்டுக்கு வந்தது.

அதிலிருந்து, வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் மேனேஜர் அந்தக் கதையைச் சொல்வார். சோப்பு என்று பேர் வாங்கிய மனுஷனே ஒரு நாள் கழுவாமல் விட்டார், நீங்கள் எல்லாம் எம்மாத்திரம் என்பார். கப் கழுவும் தொட்டிக்கு மேலே 'கப்பைக் கழுவினீர்களா?' என்று பலகை எழுதி மாட்டினார். சோப்பு தினமும் அதைப் படித்துவிட்டு, கப்போடு சேர்த்து அந்தப் பலகையையும் கழுவினார்.

ஆனால் வீட்டில் அந்தப் பச்சைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மேனேஜருக்கு மனசு குடையும். இந்த மனுஷனா கழுவாமல் விட்டார்? வேண்டுமென்றே என்னைக் கவிழ்க்கப் பார்த்து, கடைசி நிமிஷத்தில் பயந்துவிட்டாரோ? இந்தச் சந்தேகத்தில் இரண்டு வருஷம் அவரோடு முகம்கொடுத்துக்கூடப் பேசவில்லை.

சோப்பு ஓய்வு பெறும் நாள் வந்தது. மேஜை இழுப்பறையைக் காலி செய்தார்கள். பதினோரு சோப்புக் கட்டி, மூன்று பிரஷ், ஒரு மாத்திரை டப்பா. டப்பாவுக்குள் பஞ்சில் பொதிந்த ஓர் எஃகுக் குண்டு. மூடியில் பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதி.

"அது கிடக்கு, தூக்கிப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, சோப்பு கடைசியாக ஒரு தடவை தொட்டியைத் தேய்க்கப் போனார்.

மேனேஜர் குண்டை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தார்.

கப்பில் அழுக்கு இருந்திருந்தால் கீறல் விழுந்திருக்கும். ஒரு கீறல்கூட இல்லை. தழும்பைச் சுற்றிலும் எஃகு கறுத்து, அரித்து, குழிகுழியாகக் கிடந்தது. மருந்து இரண்டு பங்கு விழுந்தால் எஃகு இப்படித்தான் ஆகும் என்று அவரே நூறு ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தார். சோப்பு எக்கி நின்று பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றார். அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. "அன்னிக்குத் திரை கலர் கேட்டு வீட்டுல இருந்து போன் வந்துச்சே... அதுக்கு முன்னாடியே நான் ஒரு தடவை மருந்து ஊத்திட்டேனா?"