பூவம்மாள் வீட்டுக் குளவி

"தொடப்பத்தைக் கீழ போடு. அதும்மேல கை வெச்சே, கைய ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்."

பூவம்மாள் அதட்டினால் ஆம்பூர் ஸ்டேஷனில் நிற்கிற மதராஸ் மெயிலே ஓரடி பின்வாங்கும். மருமகள் அமிர்தவள்ளி எம்மாத்திரம்? துடைப்பம் தானாகக் கீழே விழுந்தது.

உத்தரத்துக்குக் கீழே, சுவர் மூலையில், உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்மண் குளவிக்கூடு. நேற்றுவரை அங்கே பல்லிகூட இல்லை.

"கொளவி மண்ணு வெச்ச வூட்ல தொட்டில் ஆடும்னு தெரியாது உனக்கு? ஆறு வருசமா நீ குடுக்காத நல்ல சேதிய அதுவாவது கொண்டாந்திருக்குது. வுடு அத."

சொல் சுருக்கென்று தைத்தாலும் அமிர்தவள்ளிக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. பூவம்மாளின் அண்ணன் முனிரத்தினம் தை பிறந்ததிலிருந்து திமிரிக்கும் ஆம்பூருக்குமாக வண்டி கட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் பார்த்தாயிற்று, இனி தன் மகளை அமிர்தவள்ளியின் புருஷன் சுப்பராயனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவிட வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. பூவம்மாள் பிறந்த நாள் முதல் அண்ணன் பேச்சைத் தட்டியவளில்லை. சுப்பராயனோ தோல் ஷாப்பில் நாளெல்லாம் ஆட்டுத்தோலில் மயிர் வழித்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைச் சோற்றுக்கு மட்டுமே திறக்கிறவன். அமிர்தவள்ளிக்கு இருந்த ஒரே துணை இப்போது அந்தக் குளவிதான்.

அன்று முதல் வீட்டில் குளவி ராஜ்யம். விளக்கு இடம் மாறியது. சாம்பிராணி நின்றது. நெல் குத்துவது தெருவுக்குப் போனது. தும்மல் வந்தால் சுப்பராயன் பாலாற்றங்கரை வரை ஓடிப்போய்த் தும்மிவிட்டு வர வேண்டும்.

மாசியில் முனிரத்தினம் தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினார். தங்கை கூட்டைக் காட்டி, தெய்வமே வழி சொல்லியிருக்கும்போது அவசரம் எதற்கு என்று பணிவாகக் கேட்டாள். அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. குளவி என்ன சாதாரணப் பிராணியா, திமிரியில் ஒரே ஒரு கொட்டு வாங்கிய எருமை ஏரிக்குள் போய்ப் படுத்து, அடுத்த பௌர்ணமிக்குத்தான் எழுந்தது என்று ஆரம்பித்தார். குடியிருக்கிற வீட்டில் இதை வைத்திருப்பது ஆபத்து, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று கிளம்பிப்போய் ஆபித் பாஷாவைக் கையோடு கூட்டிவந்தார்.

கூடு எடுப்பதில் ஆபித் பாஷாவை மிஞ்ச வாணியம்பாடி வரைக்கும் ஆள் கிடையாது. பூசணிக்காய் அளவுக் கூட்டையெல்லாம் ஒரு கொட்டு வாங்காமல் இறக்கியவர். அவர் கணக்கே தனி. பந்தம் கொளுத்தக் கூடாது, கூட்டுக்கு முன்னால் கூரைதான் எரியும். கல் எறியக் கூடாது. அத்தனையும் உள்ளே அடங்குகிற அந்திவரை காத்திருக்க வேண்டும். உச்சி முதல் பாதம் வரை கம்பளி. வேப்பிலைப் புகை போட்டு, ஈரச் சாக்கால் மூடி, ஒரே இழுப்பு. அப்புறம் அந்த இடத்தில் கெட்டியாகச் சுண்ணாம்பு பூசிவிட்டால் எந்தக் குளவியும் அங்கே திரும்ப மண் வைக்காது.

அந்தி வந்தது. பாஷா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏணியில் ஏறினார். அமிர்தவள்ளி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சாக்கு இழுக்கப்பட்டால் கூட்டோடு தன் வாழ்க்கையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

பாஷா கூட்டை உற்றுப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு தலையைத் திருப்பி, இடுப்பில் கைவைத்து நின்ற பூவம்மாளை ஒரு தரம் பார்த்தார். அவள் இமைக்கவில்லை.

"உள்ள குஞ்சு இருக்குது முதலாளி," என்றார் இறங்கி வந்து. "இப்ப கை வெச்சா ரொம்ப பேஜாராப் போய்டும். தாய்க்கொளவி மோப்பம் புடிச்சு, எடுக்கச் சொன்னவன் வூடு எங்கன்னு தேடும். திமிரி அதுக்கு ஜாஸ்தி தூரமில்ல. மூணு மாசம் போவட்டும்."

முனிரத்தினம் தட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வண்டி ஏறிவிட்டார்.

மூன்று மாசமும் ஓடிப்போயின. வேப்பம்பூ உதிர்ந்து காயும் ஆனது, அமிர்தவள்ளியிடம் ஒரு மாற்றமும் இல்லை. திமிரியிலிருந்து கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை மகளோடு வருகிறாராம், கூடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரியாம். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பூவம்மாள், "வரட்டும்," என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் என்று அமிர்தவள்ளி முடிவு செய்தாள். மறுநாள் காலை, பள்ளிகொண்டாவில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போக இரண்டு புடவையை மூட்டை கட்டிக் குடத்துக்குள் திணித்தாள். தண்ணீருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினாள். தெருமுனை வரை போனவளுக்கு மனசு கேட்கவில்லை. கத்தினாலும் கடித்தாலும் ஆறு வருஷம் சோறு போட்ட மாமியார். சொல்லாமல் போவது முறையா? கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தாள்.

உள்ளே, கவிழ்த்துப் போட்ட உரல்மேல் மாமியார் ஏறி நின்றிருந்தாள். இடது கையில் கொட்டாங்கச்சி நிறையக் குழைத்த செம்மண். நாக்கைக் கடித்துக்கொண்டு, பழைய கூட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை ஒட்டி, கட்டைவிரலால் அதற்கு வாசல் வைத்துக்கொண்டிருந்தாள்.

பூவம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாயப் பொளந்துக்கினு நிக்காத, உரலு ஆடுது, வந்து புடி. ஒரு கூட்டுக்கு மூணு மாசம்தான் அண்ணன் அடங்குது, அதான் இந்த வாட்டி நாலா வெக்கறேன்."